கீழே சொட்டியது, மேலே கசிந்தது

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போன ஞாயிறு வந்தபோது இஸ்திரி போடாத சட்டையோடு வந்தாய். ரசத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாய். சுங்கை ஊடாங்கில் அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, "எல்லாம் சாப்புடுறேம்மா" என்றாய். எல்லாம் என்றால் பாக்கெட் மெகி மீ நூடுல்ஸ் என்று எனக்குத் தெரியாதா? இதையெல்லாம் போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் பேசினால், "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலோ வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்கிறாயாம். அப்படிக் கேட்டால் அம்மா பேசுவது எலி கீச்சிடுவது போல இருக்கும் என்று புவனா ஒரு நாள் எனக்குப் போட்டுக் காட்டினாள், நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஆகவே உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ ஓட்டுகிற அந்தப் புதுக் காடியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உன் பெண்டாட்டி புவனாவைப் பற்றியும்தான். இரண்டும் உன் வீட்டு விஷயம், அம்மா ஏன் மூக்கை நுழைக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். காடிக்குள் என் கை நுழைந்த கதை உனக்கே தெரியும் என்பதால் மூக்கு நுழைவதையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நம் வீட்டில் எண்ணெய் ஒழுகுவது ஒன்றும் புதிதில்லை. உன் அப்பாவின் பழைய காடியை நீ மறந்திருக்க மாட்டாய். அது நிற்கிற இடத்தில் எப்போதும் ஒரு பால் டின் இருக்கும். சொட்டுகிற எண்ணெயை அந்த டின் பிடித்துக்கொள்ளும், காலையில் உன் அப்பா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போவார், சாயங்காலம் வந்ததும் மறுபடி அடியில் தள்ளிவிடுவார். பாச்சாங்கில் நம் வீட்டு வரிசையில் இருந்த சீனத்தி கூட, டின் வெளியே இருந்தால் அவர் வீட்டில் இல்லை என்று புரிந்துகொள்வாள். அதற்காக யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழைய காடி, ஒழுகுகிறது, அவ்வளவுதான். நீ வாங்கியது புதுக் காடி. இந்தக் குடும்பத்திலேயே கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த முதல் காடி அது. இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மனசில்லாமல் நீ அதன் மேலேயே உட்கார்ந்து கொஞ்ச நாள் ஓட்டினாய். பழைய காடி வாங்கி விற்கிற உன் சித்தப்பா மட்டும், புதுசு எதற்கு, பழையது ஒன்றை நான் பார்த்துத் தந்திருப்பேனே, புதுசு வாங்கினவன் எல்லாம் பிறகு என்னிடம்தான் வருவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சு உனக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

தீபாவளி முடிந்து வந்த ஞாயிறு. சித்தப்பா குடும்பம் முழுக்க இங்கே நம் வீட்டுக்கு வந்திருந்தது. கோலா சுங்கை பாருவிலிருந்து புவனாவின் அண்ணன் தயாளனும் அவள் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டோடு வந்திருந்தார். வாசலில் நின்று காடியை ரசித்துக்கொண்டிருந்த சித்தப்பாதான் முதலில் பார்த்தார். சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை, அதற்கு மேல் இன்னொரு சொட்டு விழத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. வரும் வழியிலேயே ஏதோ தீய்கிற வாடை வந்தது என்று புவனா சொன்னாளாம், நீதான் அது முன்னால் போன லாரி வாடை என்று சொல்லிவிட்டாயாம். சித்தப்பா குனிந்து பார்த்து, "என்னடா, புதுக் காடிக்கு அதுக்குள்ள பேதி புடுங்கிருச்சு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து அவமானம் உனக்குக் காதில்தான் ஏறும்.

புவனா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதை நாம் எல்லாரும் அந்த நேரத்தில் எப்படித்தான் மறந்தோமோ தெரியவில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய், பம்பு எங்கே கசிகிறது என்று பார்த்துச் சரி செய்யும் குழுவில் இருக்கிறவள். வாசலில் அவள் கழற்றிப் போடுகிற அந்தக் கனமான சப்பாத்தைத் தூக்கி ஓரமாக வைக்கும்போதெல்லாம் இதைப் போட்டுக்கொண்டு இந்தப் பிள்ளை எப்படி ஏணி ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வேன். கசிவு பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் உன்னிடம், "கீழ சொட்டுற எடத்துல பிரச்சினை இருக்காதுங்க. மேலேருந்து வழிஞ்சு வருது. தொடச்சிட்டு மேலேருந்து பாக்கணும்" என்றாள். சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறக்கப் போனாள். நீ குறுக்கே கையை வைத்துத் தடுத்தாய். "விடு, நீ தொட்டது போதும். அன்னிக்கு நீ எண்ணெய் ஊத்தினதுலேருந்துதான் இப்படி" என்றாய்.

அவள் ஆயுத பூசைக்கு முந்திய வாரம் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று அரைப் போத்தல் ஊற்றியிருந்தாள். அது உண்மை. உன் சித்தப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. "பொம்பளைங்க பானெட்டத் தெறந்தா இப்படித்தான்லா ஆவும்" என்றார். மறுபடி ஒரு சிரிப்பு. தயாளன் மட்டும் சிரிக்கவில்லை, தண்ணீர் குடிப்பது போலத் திரும்பிக்கொண்டார். நான் பாயசப் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றேன். வாயைத் திறந்து, என்னடா பேசுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விருந்தாளிகள் இருக்கிறார்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பாயசத்தை ஊற்றிக்கொண்டு போனேன். புவனா சிரித்த முகமாகவே உள்ளே வந்தாள். அழுதிருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்து, "அத்தை, அம்மாவுக்கு ஒடம்பு முடியலையாம். அண்ணன்கூட போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள். அன்றைக்குப் போனவள்தான்.

உன் மேல் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. அன்றைக்கு உன் நிலையில் யார் இருந்தாலும் தடுமாறித்தான் இருப்பார்கள். ஆசையாக வாங்கிய பொருள், அதை வைத்து நாலு பேர் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த நேரத்தில் மனிதனுக்கு ஓட்டை எங்கே என்று தேடத் தோன்றாது. ஆள் யார் என்றுதான் தேடத் தோன்றும். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ, யார் திருப்பிப் பேச மாட்டார்களோ, அவர்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டால் நம் தலை லேசாகிவிடும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? உன் சித்தப்பாவிடம் திருப்பிப் பேச உனக்கு வாய் வரவில்லை. அவளிடம் வந்தது. கட்டிக்கொண்டவளிடம்தான் நமக்கு அந்தச் சுதந்திரம் எல்லாம். இதைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை, தம்பி. ஆனால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. அதை ஏன் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காடியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகாமல், லாரியில் ஏற்றிச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனது நல்ல காரியம். எண்ணெய் குறைந்த இஞ்சினை ஓட்டினால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும் என்று அங்கே பழுது பார்க்கிற போர்மனும் சொன்னார். நீ ஏன் என்னையும் கூட அழைத்துப் போனாய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தனியாக இருக்க உனக்குப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் நீ பேசியது ஒன்றே ஒன்றுதான், வெளியாள் கை வைத்தது என்று சொல்லி வாரண்டி இல்லை என்பார்களோ, புவனா ஊற்றியதைச் சொல்வதா வேண்டாமா என்று. அந்த மலாய்க்காரப் போர்மன் அதைப் பற்றியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. துணியும் மருந்தும் வைத்து இஞ்சினை மேலிருந்து கீழ்வரை சுத்தமாகத் துடைத்தார். பிறகு ஓடவிட்டார். ஒரு டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார். கீழே பார்க்கவே இல்லை. நான் பொறுக்கமாட்டாமல், சொட்டுவது கீழேதானே என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். எண்ணெய் வழிந்துகொண்டே போய்க் கடைசியில் தாழ்வான இடத்தில்தான் சொட்டும், எங்கே முதலில் நனைகிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். புவனா வாசலில் சொன்னதும் அதேதான். நீ என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாய்.

எண்ணெய் ஊற்றுகிற மூடிக்கு ஓரத்தில்தான் முதல் ஈரம் வந்தது. அவர் மூடியைத் திருகி எடுத்தார். அதன் கழுத்திலிருந்து உள்ளே போகிற மாதிரி என்னவோ கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி இழுத்தார். நூல் வந்தது, வந்துகொண்டே இருந்தது. துணியில் துடைத்தபோது கறுப்புக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. இது என்ன என்று உன்னைக் கேட்டார், நீ என்னைப் பார்த்தாய்.

ஆயுத பூசை அன்றைக்கு நீங்கள் எல்லாரும் உள்ளே பசியாறிக்கொண்டிருந்தபோது நான்தான் பானெட்டைத் திறந்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று, ஓடுகிற சாமான் உள்ளே அல்லவா இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்யவில்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கோயிலில் கொடுத்த மஞ்சள் கயிறு கையில் இருந்தது. அந்த மூடியைப் பார்த்தேன், அதற்குக் கீழே கழுத்து மாதிரி குறுகி இருந்தது. பொங்கல் பானைக் கழுத்தில் மஞ்சள் கட்டுகிற பழக்கம், கை தானாகப் போய்விட்டது. கட்டினால் நழுவுகிறது, வழவழவென்று இருக்கிறது. அதனால் மூடியைத் திருகித் திறந்து, கயிற்றின் நுனியை உள்ளே விட்டு, மேலே வைத்து மூடினேன். கெட்டியாகத்தான் மூடினேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் இருக்கிறது, அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில் மயிரிழை நுழைந்தாலும் எண்ணெய் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னது? என் பிள்ளைக்கு வழியில் ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கட்டினேன். அதுதான் வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது.

போர்மன் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அடுத்த தடவை ஸ்டியரிங்கில் கட்டச் சொன்னார். ரப்பர் வளையத்தை மாற்றி, எண்ணெய் அளவைச் சரிபார்த்து, கொஞ்ச நாளைக்கு நிறுத்துகிற இடத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நீ சிரித்தாய். திரும்பி வரும்போது சிக்னலில் நின்றால் கூடச் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் அப்போதே புவனாவுக்குப் போன் போடச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "விடும்மா, அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். சித்தப்பாகிட்டல்லாம் சொல்லிட்டு இருக்காத, நம்மள ஓட்டியே கொன்னுருவாரு." நீ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய், அவள்தான் வீம்பு பிடித்துக்கொண்டு வராமல் இருக்கிறாள் என்று நான் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் மேல் எனக்கு வருத்தம் கூட வந்தது. போய்ப் பார்த்தபோதுதான் நீ சொன்னது என்ன என்று தெரிந்தது.

அதற்கு முன்னால் உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன், ஆகவே அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதுவதாக நினைக்காதே. உன் அத்தை கல்யாணம் நடந்தபோது நீ பிறக்கவில்லை. அப்போது நாங்கள் எல்லாரும் எஸ்டேட் தோட்டத்தில் இருந்தோம், அங்கே இருந்த மண்டபத்தில்தான் கல்யாணம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மெட்டி போடுகிற நேரத்தில், என் பொறுப்பில் இருந்த சீர்த்தட்டில் மெட்டியைக் காணவில்லை. ஐயர் கேட்கிறார், மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள், உன் அப்பா சபையில் எல்லார் முன்னாலும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ கையில ஒண்ணக் குடுத்தா அது உருப்படுமா?" என்றார். மெட்டி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. காலையில் பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே தட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் சமையல் கட்டில் நான் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்று, தப்பா சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காத என்றார். உண்மையாகத்தான் சொன்னார், அவர் கண் கலங்கியிருந்தது. நானும் பரவாயில்லை என்றேன்.

ஆனால் சமையல் கட்டில் சொன்னது எனக்கு மட்டும்தானே கேட்டது? சபையில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், சாமானை யார் கையில் கொடுப்பது என்கிற பேச்சு வந்தால் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "அவகிட்ட வேணாம்மா" என்பார்கள். விளையாட்டுக்குத்தான். உன் அத்தைக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது, இன்னும் அந்த விளையாட்டு முடியவில்லை. மெட்டி யார் பையில் இருந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் இன்று வரை தெரியாது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அள்ள முடியாது என்பது சரி, கொட்டிய இடத்திலாவது போய்க் குனிய வேண்டாமா? நம் வீட்டு ஆம்பிளைகளுக்குச் சபையில் குற்றம் சொல்லிவிட்டு அடுப்படியில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம். அதையே பெரிய மனசு என்று நானும் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தை வாசித்தபோது உன் அப்பா, "நீ அத இன்னுமா மனசுல வெச்சிருக்க?" என்று கேட்டார். நான் வைத்துக்கொள்ளவில்லை, அது தானாக இருக்கிறது என்றேன். அவர் வெளியே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது.

அவர்தான் என்னைக் கோலா சுங்கை பாருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். புவனா வீட்டுப் பின்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார், எங்களைப் பார்த்ததும் இருமிக் காட்டினார். பாவம், மகளுக்காக. புவனா கையைக் கழுவிக்கொண்டு வந்து தேநீர் கலக்கினாள், அப்பாவுக்குச் சீனி குறைவாக என்பது வரை மறக்கவில்லை. நான் அவளைத் தனியாக அழைத்து, காடி பழுதானது அவளால் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் எப்படி என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்று வந்ததாகச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. போனை எடுத்து நீ அனுப்பிய செய்தியைக் காட்டினாள். "காடி ரெடி. சின்ன விஷயம்தான். கெளம்பி வா, நான் வந்து ஏத்திக்கிறேன்." அவ்வளவுதான் இருந்தது.

எனக்கு உன்னை நினைத்து அழுவதா, அடிப்பதா என்று தெரியவில்லை. கயிற்றுக் கதையை முதலிலிருந்து சொன்னேன். மூடியைத் திறந்து நுனியை உள்ளே விட்டேன் என்று சொன்னபோது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "அத்தை, உள்ள விட்டீங்களா? மூடிக்கு உள்ளயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். சரி, எல்லாம் கரைந்துவிட்டது, புறப்படு போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "அத்தை, கயிறு கட்டினது நீங்க. அதுக்கு நீங்க இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. என்னச் சொன்னது அவரு."

அதையே வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், தம்பி, வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். அவள் காடி ரிப்பேரானதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையை, அதற்காகவே நாலு வருஷம் படித்துத் தேர்ந்த வேலையை, பத்துப் பேர் முன்னால் நீ தட்டிவிட்டாய், அவள் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை அன்றைக்கு நீ தடுக்காமல் இருந்திருந்தால் பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் கயிற்றைக் கண்டுபிடித்திருப்பாள், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், பாயசம் ஆறுவதற்குள் கதை முடிந்திருக்கும். நீ கெட்டவன் இல்லை. அவளுக்கு வேலை முடிய நேரமானால் ஆலை வாசலில் போய்க் காத்திருந்து அழைத்து வருகிறவன், அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைக்கத் தெரியாமல் எனக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு வைத்தவன். அதனால்தான் இதை உனக்கு எழுதத் தோன்றியது. அந்தக் கஞ்சியை யாரும் பார்க்கவில்லை. நீ அவள் கையைத் தடுத்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

இனி நான் செய்திருப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு சித்தப்பா குடும்பத்தை அழைத்திருக்கிறேன். தயாளனையும் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் உட்கார்ந்ததும், கயிறு கட்டிக் காடியை ஒழுக வைத்தது நான்தான் என்று நானே சொல்லிவிடுவேன். சித்தப்பா என்னைச் சாகும் வரைக்கும் ஓட்டுவார், ஓட்டட்டும். உனக்காக நான் ஒன்றும் பேச மாட்டேன், உன் அப்பாவும் பேச மாட்டார், அவரிடம் சொல்லிவிட்டேன்.

புவனாவிடமும் போனில் சொன்னேன். அவள் வருகிறேன் என்றாள். வீட்டுக்குத் திரும்பி வருகிறாயா என்று ஆசையாகக் கேட்டுவிட்டேன். "சாப்பாட்டுக்கு வர்றேன் அத்தை. பையி எடுத்துட்டு வர்றதா வேணாமான்னு அங்க வந்துதான் தெரியும்" என்றாள்.

அம்மா